உடைந்த டொபியும் சுவிஸ் சம்பளமும்

சுன்னாகம் சங்கக்கடையில் சீனிக்கு வரிசை. எனக்கு முன்னால் குடை பிடித்து நின்ற அம்மா, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“என்ரை மகன் சுவிஸிலை சொக்லேட் பக்டரியிலை. அவன்ரை ஒருநாள் சம்பளம் இஞ்சை ஒரு மாசச் சம்பளம்.”

“என்ரை மனுசன் இணுவிலிலை டொபி இனிப்புச் செய்யிற இடத்திலை. சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் உடைஞ்ச டொபியெல்லாம் வேலையாக்களுக்குத்தான். அதைக் கடிச்சுக்கொண்டுதான் நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறது. உங்கடை மகனுக்கு?”

“அங்கை ஒண்டும் உடையிறேல்லையாம்.”

“ஐயோ பாவம்.”

“சீனி முடிஞ்சுது!” என்று கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

குடைக்கார அம்மா குரலைத் தாழ்த்தினார். “இணுவிலிலை ஆள் எடுக்கினமோ? மகனைத் திருப்பிக் கூப்பிடட்டோ?”

“மற்ற வேலையாக்கள் விடமாட்டினம், அக்கா. உங்கடை மகன் உடைக்காமல் செய்து பழகிட்டார்.”