அபிநயாவின் பச்சை வளையல்கள்

எங்கள் வீட்டு வளைகாப்பில் புளிச்சோறுதான் பெயர் வாங்கியது, மேடம். நைனார்பாளையத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். விசாரணைக்கு இது எதற்கு என்று பார்க்கிறீர்கள். எல்லாம் அந்த வளைகாப்பிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் சொல்கிறேன்.

நான் சுப்புராயன், கிளைச் சிறையில் தலைமைக் காவலர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு கைதியைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. அங்கே மொத்தம் நாலு அறை. மூன்றில் ஆண்கள். நாலாவது தனி அறை, பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். மகள் சுபஸ்ரீயின் வளைகாப்புக்கு எடுத்த அண்டா, நாற்காலி, சீர்த்தட்டு எல்லாவற்றையும் அதில் அடுக்கி வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸில் இடம் ஏது? ஞாயிற்றுக்கிழமை விசேஷம்.

சனிக்கிழமை சாயங்காலம் அபிநயாவைக் கொண்டுவந்தார்கள். திருநங்கை. வெள்ளிமலைக்காரி, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வேலை. இடுப்பில் கை வைத்தவன் மண்டையைக் கரண்டியால் உடைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாரண்டை வாங்கிக்கொண்டே சபாஷ் என்றேன்.

அவள் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். "சார், என்ன ஆம்பளைங்களோட போட்றாதீங்க. தனியாத்தான் வைக்கணும்னு ரூல்ஸே கீதாம் சார்."

"தெரியும்மா. அந்த சர்க்குலர இங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்னதே நான்தான்" என்றேன். பொய்யில்லை. ரோல்காலில் இரண்டு தடவை படித்திருக்கிறேன்.

கண்ணாடிப் பொருள் எதுவும் அறைக்குள் போகக் கூடாது. அவள் கையில் பன்னிரண்டு பச்சை வளையல். சோப்புப் போட்டு அவளே ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஒன்றுகூட உடையவில்லை. பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. திருநங்கை வாயால் வாழ்த்து கிடைத்தால் குடும்பத்துக்கு நல்லது என்பார்கள். "எம் பொண்ணுக்கு நாளைக்கு வளைகாப்பு. இத கொஞ்சம் ஆசீர்வாதம் பண்ணிக் குடும்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. வளையல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தங்கச்சி சொகமா பெத்துப் பொழைக்கட்டும் சார். அதுக்கே போடுங்க, நான் குடுத்ததா இருக்கட்டும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு பதிவேட்டில் அட்டை எண்ணைக் குறித்தேன். அறை என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் நாலாவதில் அண்டா இருந்ததே, மேடம். அந்த நேரத்தில் எடுத்துவைக்க ஆள் வேண்டாமா? அவளை மூன்றாம் அறையில் விட்டேன். உள்ளே பதினோரு பேர். "இன்னா சார் இது, தனியான்னுதான சொன்னீங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாள்தாம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பூட்டினேன். அந்தப் பதினோரு பேர் அவளைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

ஞாயிறு மதியம் பந்தியில் நிற்கும்போது உடன் வேலை பார்க்கும் இளஞ்செழியன் போன் செய்தான். பயந்த ஆள். "அண்ணே, அந்தப் பொண்ணு காத்தாலேர்ந்து கத்திக்கினே இருந்துச்சு. இப்ப சத்தமே காணோம்ணே. ரத்தமா கீது. சாவி குடுங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

சாவி என் இடுப்பில் இருந்தது. மண்டபத்திலிருந்து சிறை கூப்பிடு தூரம்தான். திறந்தால் எழுத வேண்டும், எழுதினால் எந்த அறை என்று கேட்பார்கள். "தூங்குதா இருக்கும்டா. இங்க விசேஷம் முடியட்டும், நாளைக்கு நாலுக்கு மாத்திக்கலாம்" என்றேன். பாயசம் வேறு தீர்ந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை சொன்னபடியே மாற்றினேன். நானும் இளஞ்செழியனும்தான் அவளைத் தூக்கினோம், கனமே இல்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் நாலாம் அறையில்தான் கிடந்தாள். பதிவேட்டில் இருக்கிறபடியே.

இன்னும் அவளுக்கு நினைவு திரும்பவில்லை என்கிறீர்கள். திரும்பும் மேடம், நல்ல மனசுக்காரி. சுபஸ்ரீ அந்தப் பச்சை வளையல்களைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். வீடெல்லாம் அந்தச் சத்தம்தான். அபிநயாவுக்கு என்மேல் வருத்தம் இருந்தால் அப்படி மனசார வாழ்த்தியிருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.