மணி கட்டிய பேட்டரி

எதையும் வாங்குமுன் விலை குறைந்ததையும் கூடியதையும் அருகருகே வைத்து, ஒரு கதை சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவனை அது விடாது, ஐயா. குடையானாலும் மூக்குக்கண்ணாடியானாலும் கதைதான் தீர்ப்புச் சொல்லும்.

என் மகளின் கணவருக்குச் சிறிய மீன்பிடிப் படகு ஒன்று இருந்தது. அதன் பேட்டரி செத்துப்போனபோது, அடுத்து எதை வாங்குவது என்று சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. படகுக்கென்றே செய்த பேட்டரி, இன்ஜின் நின்ற பிறகும் பம்பையும் விளக்கையும் நெடுநேரம் ஓட்டும். லாரி பேட்டரியோ இன்ஜினைக் கிளப்புவதோடு சரி என்றார் மாப்பிள்ளை. படகு பேட்டரியின் விலையோ மும்மடங்கு.

நான் கதையைத் தொடங்கினேன். ஒரு வியாபாரியிடம் இரண்டு கழுதைகள். ஒன்றின் கழுத்தில் மணி கட்டினான். சந்தையில் அதற்கு மட்டும் மும்மடங்கு விலை. சுமந்ததென்னவோ இரண்டும் ஒரே மூட்டையைத்தான்.

"கதையெல்லாம் சரி மாமா. உங்க கழுதைக்கு நீச்சல் தெரியுமா?"

மகள் புரையேறும்வரை சிரித்தாள். என் கதையை அதுவரை எவரும் மடக்கியதில்லை. நானும் சிரித்தேன்.

கடை என் தெருவில் இருந்ததால் வாங்கும் பொறுப்பு எனக்கே வந்தது. லாரி பேட்டரியை வாங்கினேன். செத்துப்போன படகு பேட்டரியின் ஒட்டுத்தாளைக் கெட்டில் ஆவியில் இளக்கி, ஓரம் கிழியாமல் உரித்து, புதியதன்மேல் ஒட்டினேன். கழுதைக்கு மணி கட்டினேன், அவ்வளவுதான். பணத்துக்காக அல்ல. ஓராண்டு கழிந்ததும் மிச்சத் தொகையை மேசையில் வைத்து உண்மையைச் சொல்வேன். அன்றைக்கு மகள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று பார்ப்போம் என்றிருந்தேன்.

மாதங்கள் நன்றாகவே ஓடின. ஒரு காலை கடலில் மூடுபனி இறங்கியது. பாறைகளுக்கு அஞ்சி மாப்பிள்ளை இன்ஜினை நிறுத்தி, நங்கூரம் போட்டுக் காத்திருந்தார். படகில் சிறு கசிவு, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வெளியே போயிருந்தாள். அவர்கள் வீட்டில், படகோடு பேசும் வயர்லெஸ் பெட்டியருகே நான் மட்டும்.

"மாமா, பம்ப் சத்தம் இழுத்து இழுத்து வருது. நிறுத்திட்டு வாளியால இறைக்கட்டுமா? இன்ஜினைக் கிளப்பக் கரண்ட் வேணுமே."

லாரி பேட்டரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாளியை எடுத்திருப்பார். ஆனால் ஓராண்டு ஆக இன்னும் சில வாரங்களே இருந்தன.

"நல்ல பேட்டரிதானே மாப்பிள்ளை. ஓடட்டும்."

"நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன," என்று சிரித்தார். சற்று நேரத்தில் பெட்டி ஓய்ந்தது. பனி விலகும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். எவரையும் அழைக்கவில்லை. அழைத்தால் ஏனென்று கேட்டிருப்பார்கள்.

மூழ்கிய படகை மீட்டு மணலில் கிடத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளையை இன்னும் மீட்கவில்லை.

நேற்று நானே போய், உண்மையான படகு பேட்டரியை வாங்கி வந்து அந்தப் படகில் பொருத்தினேன். விளக்கைப் போட்டுவிட்டு எதிரே அமர்ந்தேன். மாலைவரை சற்றும் மங்கவில்லை.

மகள் வந்து நின்றாள். "என்னப்பா பண்றீங்க?"

"மாப்பிள்ளை சொன்னதுதான் சரிம்மா," என்றேன்.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை எனக்கு எப்போதும் உண்டு, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.