சாம்பல் நிறத்துச் செவ்வாய்

வேண்டாம் தங்கச்சி, தேத்தண்ணி இப்பதான் சந்தியிலை குடிச்சிட்டு வாறன். சண்டைக்கு வந்த ஆளெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. எனக்குச் சுன்னாகம் சந்தையிலை வெங்காயக் கடை. எனக்கும் கொம்பியூட்டருக்கும் வெகு தூரம். அந்த டொக்டர்மாரைப் பாக்கிறதுக்குப் போனிலை நாள் பதியிறது இருக்கெல்லோ, அது நீங்கள் செய்ததெண்டு கிளினிக்கிலை சொல்லிச்சினம். அதிலை ஒரு விசயம் மாத்தேலுமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்.

ஓம், ஓம், அந்தக் கலண்டர்தான். நல்ல வடிவாச் செய்திருக்கிறியள், அதைச் சொல்லோணும். தமிழ் மாதமும் போட்டு, அமாவாசை பறுவமும் போட்டு. அட்டமி நவமி எண்டால் அந்த நாள் சாம்பல் நிறத்திலை மங்கிப்போய்க் கிடக்கும், ராகுகாலமும் அப்பிடித்தான். முதல் கண்டவுடனை எனக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். வெள்ளைக்காரன்ரை கலண்டருக்கு உது விளங்குமோ? எங்கடை ஆள் ஆரோதான் செய்திருக்கு எண்டு மனிசிக்குச் சொன்னன். அவ சிரிச்சவ. ராகுவுக்கு ஆர் மணிக்கூடு கட்டிவிட்டது எண்டு கேட்டவ.

பத்மாசினி அப்பிடித்தான். மானிப்பாயிலை கணக்குப் படிப்பிச்சவ. ராகுகாலம் முடியுமட்டும் நான் கடை திறக்காமல் நிப்பன், அவ அந்த நேரம் பாத்து பஸ் ஏறிப் போவா. அட்டமி நவமியிலை தொட்டது துலங்காது எண்டு நான் சொன்னால், அண்டைக்குத்தான் பிள்ளையளுக்குச் சோதினை வைப்பா. முப்பது வரியம் இப்பிடித்தான் எங்கடை குடித்தனம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் வண்டில் போய்க்கொண்டுதான் இருந்தது.

போன மாதம் ஒரு திங்கக்கிழமை பின்னேரம், நெஞ்சுக்குள்ளை ஏதோ அமத்திற மாதிரிக் கிடக்கு எண்டா. வாய்வாயிருக்கும் எண்டு இஞ்சி போட்டுப் பிளேன்ரீ குடிச்சா. ராவைக்குப் புட்டும் சாப்பிட்டா. எதுக்கும் இருதய டொக்டரிட்டை ஒருக்காக் காட்டுவம் எண்டு போனை எடுத்து உதிலை பாத்தா. செவ்வாய் அட்டமி, புதன் நவமி. ரெண்டும் மங்கிக் கிடந்தது. அவ எங்கை பஞ்சாங்கம் பாத்தவ? டொக்டர் ரெண்டு நாளும் வரமாட்டாராம், வியாழன்தானாம் எண்டு எனக்குச் சொன்னா. எனக்கு அது நல்லதாத்தான் பட்டுது. அட்டமி நவமி கழிச்சுப் போறதுதானே முறை. ஒரே நிறத்தை அவ ஒண்டா விளங்கினா, நான் வேறையா விளங்கினன். ரெண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கேல்லை.

தெரியும் தங்கச்சி, மங்கின நாளையும் அமத்தினால் திறக்குமெண்டு. இண்டைக்கு அட்டமி, பறவாயில்லையோ எண்டு கேட்டுப்போட்டு விடுமாம். கிளினிக்கிலை றஜிதா எண்டொரு நேர்ஸ், அவதான் பிறகு காட்டினவ. ஆனால் ஆர் அமத்திப் பாப்பினம், சொல்லுங்கோ. கொழும்பு பஸ்ஸுக்குச் சீற் பதியேக்கை, ஆள் எடுத்த சீற்றை அப்பிடித்தானே காட்டுறாங்கள்.

ஓம், கிளினிக்காரர் கேட்டுத்தான் நீங்கள் செய்தனியள், அதுவும் சொன்னவ. அட்டமியிலை நாள் பதிஞ்சுபோட்டுச் சனம் வாறேல்லையாம். ஞாயம்தான். எங்கடை சனத்தின்ரை பழக்கம் தெரிஞ்சுதான் செய்தனியள், உங்களிலை நான் பிழை சொல்லேல்லை. ஆனால் எனக்கு உந்த நிறம் தேவையில்லை, என்ரை கடையிலை பஞ்சாங்கம் தொங்குது. ஒண்டையும் நம்பாதவவுக்குத்தான் அது கதவைச் சாத்தினது. செவ்வாய் பின்னேரம் டொக்டர் வந்து எட்டு மணி மட்டும் இருந்தவராம். ஆக்கள் இல்லாமல் பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவராம். அதைக் கேட்டாப் பிறகு எனக்கு நித்திரை வாறேல்லை.

அதாலைதான் கேக்கிறன். அந்த நாளையும் மற்ற நாளுகள் மாதிரிக் கறுப்பிலையே போடுங்கோ. அட்டமி எண்டு பக்கத்திலை சின்னனா எழுதிவிடுங்கோ, பாக்கிறவை பாக்கட்டும். நான் இனியும் பாக்கிறவன்தான், அது என்ரை பிடிவாதம். டொக்டர் இருக்கிறார் எண்டது மட்டும் எல்லாருக்கும் தெரியோணும். ஆரிட்டையும் கேட்டுத்தான் மாத்தோணுமெண்டால் கேளுங்கோ, நான் இருக்கிறன். கடையைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்.

வியாழனோ? வியாழன் பதினொரு மணிக்கு அவவுக்கு இடம் கிடைச்சது. அண்டைக்கு ராகுகாலம் ஒண்டரைக்கு, அதுக்கு முன்னம் எடுத்துப்போடுங்கோ எண்டு ஐயரும் சொன்னவர். பதினொண்டுக்குத்தான் எடுத்தது. பெட்டியைத் தூக்கேக்கை என்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை அவவின்ரை போன் அடிச்சது. உங்கடை இதிலையிருந்துதான். டொக்டர் வந்திட்டார், நீங்கள் உள்ளை வரலாம் எண்டு.