மீன்தொட்டிக்கு ஒரு கிணற்றுப் படம்

ஹேமநாத்: பவழப்பாறை வேணாம், பச்சைச் செடி வேணாம், நீலமும் வேணாம்... இன்னும் இன்னாம்மா காட்றது? மீன்தொட்டிக்குப் பின்னால ஒட்ற படம் திருப்பதியில என் கடையில கீற அளவுக்கு வேற எங்கியும் கெடையாது.

தனபாக்கியம்: கோச்சிக்காத தம்பி. தொட்டி பாத்தாச்சி, மீனும் பாத்தாச்சி. பின்னால ஒட்றது மட்டும் மனசுக்கு ஒட்ட மாட்டேங்குது.

ஹேமநாத்: கறுப்பு எடுத்துக்குங்க. கோல்டு ஃபிஷ் கலரு நல்லா தூக்கிக் காட்டும்.

தனபாக்கியம்: கறுப்பு ஒட்டினா கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியும். அத பாக்கறதுக்கா தொட்டி வாங்கறேன்?

ஹேமநாத்: சரே, நீங்களே சொல்லுங்க.

தனபாக்கியம்: என் போன்ல ஒரு படம் கீது. அத பெருசா போட்டு ஒட்டித் தருவியா?

ஹேமநாத்: தாராளமா. எதிர்க்கவே ரமணான்னு நம்ம பையன் ஃப்ளெக்ஸ் கடை வெச்சிக்கினு கீறான். போன மாசம் ஒருத்தரு அவுரு மாமியார் போட்டோவ ஒட்டச் சொன்னாரு.

தனபாக்கியம்: மீனுக்குப் பின்னாலயா?

ஹேமநாத்: ஆமா. ரெண்டே நாள்ல மீனெல்லாம் செத்துப்போச்சி.

தனபாக்கியம்: மாமியார பாத்தா?

ஹேமநாத்: தண்ணி மாத்தலம்மா அவரு... எங்க, போனக் குடுங்க.

தனபாக்கியம்: இந்தா.

தனபாக்கியம்: இன்னா தம்பி, படத்த இவ்ளோ கிட்ட வெச்சிப் பாக்கற?

ஹேமநாத்: இது... கெணறு.

தனபாக்கியம்: கெணறுதான். சுத்தி மாந்தோப்பு, நடுவுல எறங்கிப் போற கல்லுப் படி. நல்லா இல்ல?

ஹேமநாத்: வேணாம்மா. மேலேருந்து எடுத்த படம் இது. தொட்டிக்கு ஒட்டினா மீனெல்லாம் கெணத்துக்கு மேல பறக்கற மாதிரி இருக்கும்.

தனபாக்கியம்: பறக்கட்டுமே.

ஹேமநாத்: அருவி படம் ஒண்ணு கீது. சும்மாவே தரேன், எடுத்துக்குங்க.

தனபாக்கியம்: சும்மா தர்ற அளவுக்கு என் கெணத்து மேல உனக்கு இன்னா கோவம்?

ஹேமநாத்: கோவமெல்லாம் இல்ல... வூட்ல நடுக் கூடத்துல வெப்பீங்க. கெணறு அபசகுனம்னு யாருனா சொல்லுவாங்க.

தனபாக்கியம்: எங்க வூட்டுக்கு இனிமே இன்னா அபசகுனம் வரணும். பாலசமுத்திரம் தாண்டினா எங்க தோப்பு. ஒம்போது வருஷம் ஆவுது. என் பொண்ணு சுஷ்மிதா இதுல வுழுந்துதான் போனா. தனியா போயி கால் வழுக்கிச்சின்னு போலீசுல எழுதிக்கினு போயிட்டாங்க. ஆனா கெணத்து மேட்டுல, ஈர மண்ணுல, பைக்கு ஸ்டாண்டு குத்தின குழி இருந்தது. அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது தம்பி.

ஹேமநாத்: தோப்பு வேலைக்கு வந்தவங்க யாருதுனா இருக்கும்.

தனபாக்கியம்: அன்னிக்கி வேலைக்கு ஆளே வரல. அவ கூட யாரோ இருந்தாங்க. அது யாருன்னு தெரியாம எனக்கு சாவு கூட வராது... சரி, அத வுடு. எதால ஒட்டுவ? கோந்தா?

ஹேமநாத்: கோந்து இல்ல. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் தேங்கா எண்ணெ தடவி, படத்த வெச்சி, ஸ்கேலால தள்ளினா காத்தெல்லாம் போயி புடிச்சிக்கும்.

தனபாக்கியம்: எண்ணெ தடவி வெக்கறதா... அவளுக்கும் கடைசியா நான்தான் தலைக்கு எண்ணெ வெச்சேன்.

ஹேமநாத்: ரமணாவுக்கு அனுப்பிட்டேன்மா. ஒரு நிமிஷம்... இந்தப் படம் எப்போ எடுத்தது?

தனபாக்கியம்: போன வெள்ளிக்கிழம. நான்தான் எடுத்தேன்.

ஹேமநாத்: கூட யாருனா வந்தாங்களா?

தனபாக்கியம்: இல்லியே. ஏன்?

ஹேமநாத்: படியில ஒரு பொண்ணு நிக்குது.

தனபாக்கியம்: ...எங்க?

ஹேமநாத்: இதோ. தண்ணி ஓரமா, கடைசிப் படியில. முதுக காட்டிக்கினு. நீங்க பாக்கலியா?

தனபாக்கியம்: எனக்கு மசமசன்னு தெரியுது. நீ பாத்து சொல்லு. இன்னா துணி கட்டிக்கினு கீறா?

ஹேமநாத்: மஞ்ச சுடிதாரு. ஜடை நனஞ்சி ஒட்டிக்கினு கீது... படத்துல ஆளு இருந்தா நல்லா இருக்காதும்மா. எடுத்துடச் சொல்றேன். ரமணா? ஸ்பீக்கர்ல கீற. படம் வந்துச்சா?

ரமணா (போனில்): வந்துச்சிண்ணா. மூணு அடிக்கு ஒண்ணரை அடிதான?

ஹேமநாத்: ஆமா. அந்தப் பொண்ண மட்டும் எடுத்துட்டு போடு.

ரமணா (போனில்): எந்தப் பொண்ணுண்ணா?

ஹேமநாத்: படியில நிக்குது பாரு. மஞ்ச சுடிதாரு.

ரமணா (போனில்): பெருசு பண்ணிப் பாத்துட்டேண்ணா. கெணறு கீது, படி கீது, மாமரம் கீது. எவரு லேரு. ஒரு ஆளும் இல்ல. படம் மாத்தி அனுப்பிட்டியா?

ஹேமநாத்: அதே படம்தான். சரியா பாரு.

ரமணா (போனில்): பாத்துக்கினுதான கீறேன். இன்னாண்ணா, மத்தியானத்துலயே ஊத்திக்கினியா?

ஹேமநாத்: வைடா. அப்பறம் பேசறேன்... அம்மா, நீங்க கெளம்புங்க. நான் கடைய மூடணும்.

தனபாக்கியம்: இப்போ எந்தப் படியில கீறா?

ஹேமநாத்: ...அம்மா.

தனபாக்கியம்: சொல்லு தம்பி.

ஹேமநாத்: மூணு படி மேல வந்துட்டா. இந்தப் பக்கம் திரும்பிக்கினு... உங்களுக்கும் தெரியுது இல்ல? தெரியுதுன்னு சொல்லுங்கம்மா.

தனபாக்கியம்: எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணு நல்லாத்தான் கீது எனக்கு. அந்தப் படத்துல வெறும் கெணறுதான் கீது.

ஹேமநாத்: அப்போ மசமசன்னு சொன்னீங்களே...

தனபாக்கியம்: நீ பேசணும்னுதான் அப்பிடி சொன்னேன். எங்க வூட்ல தொட்டி வெக்க எடமே இல்ல தம்பி. சுஷ்மிதா காலேஜ் க்ளாஸ் போட்டோவுல ஏழு பசங்க நிக்கறாங்க. ஒவ்வொருத்தனா தேடிப் போயி இந்தப் படத்தக் காட்டினேன். ஒருத்தன் ஸ்ரீசிட்டியில வேலைக்குப் போறான், ஒருத்தன் நகரியில தறி வெச்சிக்கினு கீறான். ஆறு பேரும் ‘நல்ல கெணறும்மா’ன்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்பினாங்க. ஏழாவது நீ.

ஹேமநாத்: நான் அந்த ஊரு பக்கமே வந்ததில்ல.

தனபாக்கியம்: யாரு மூஞ்சி மாறுதுன்னு பாக்கத்தான் வந்தேன். நீ அவளையே பாப்பேன்னு நான் நெனைக்கல.

ஹேமநாத்: போன மூடி வெச்சிடுங்க. உங்க கால்ல வேணா வுழறேன்.

தனபாக்கியம்: மஞ்ச சுடிதாரு அன்னிக்கிதான் புதுசா போட்டா. நான் தெச்சிக் குடுத்தது... ஒம்போது வருஷமா அந்தக் கெணத்தங்கரையில குந்திக்கினு கீறேன். பெத்தவ கண்ணுக்கு ஒரு தடவ கூட வராதவ, உன் கண்ணுக்கு வரா. வயிறு எரியுது தம்பி எனக்கு. உன்ன நான் ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போவல. எப்பிடி கீறா என் பொண்ணு? அத மட்டும் சொல்லிடு.

ஹேமநாத்: மேல் படிக்கு வந்துட்டா... கைய நீட்டிக்கினு கீறாம்மா. அன்னிக்கும் தண்ணியிலேருந்து இப்பிடித்தான் நீட்னா. ‘புடி ஹேமு, புடி’ன்னு சொல்லிக்கினே... குனிஞ்சிருந்தா எட்டியிருக்கும். நான் வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன்.