சந்திரகிரியில வாசிச்ச அன்னிக்கு

அய்யோ, சாமி ஜடை இல்லக்கா இது. கையெடுத்துக் கும்புடாதீங்க. நானா வளத்துக்கினதுதான். ஏழு வருசம் ஆவுது. இங்க மொட்ட போட டோக்கன் குடுத்தவரு கூட, ஏ குடி சாமின்னாரு. எந்தக் கோயில் சாமியார்னு கேக்கறாரு! நான் ஸ்ரீ சிட்டில ஏசி கம்பெனில க்வாலிட்டி செக்கிங் பாக்கற ஆளு. ஊரு நகரி பக்கம்.

நீங்க? அரக்கோணமா? அப்ப நம்ம பக்கந்தான். முழு மொட்டையா, பூமுடியா? சரி சரி. இல்லக்கா, நீங்க ஒக்காருங்க, எனக்கு ஒக்காந்தா கால் ஆடிக்கினே இருக்கும். எத்தினி நம்பர் போவுது இப்ப? நூத்தி நாப்பதா. நம்மளுது வர இன்னும் நேரம் கீது.

ஏன் வளத்தேனா? ரெக்கேன்னு ஒரு பாட்டு. ஜமைக்கான்னு ஒரு தேசம், சுத்தி கடலு, அங்க பொறந்தது. அத பாடறவங்க நெறைய பேரு இப்பிடித்தான் முடி வெச்சிருப்பாங்க. இல்ல இல்ல, ராக்கு வேற, இது வேற. எப்பிடிச் சொல்றது… நம்ம கல்யாண மேளத்துல மொத அடிய பட்டுனு வெப்பாங்கல்ல? இதுல மொத அடி காலி. சும்மா வுட்ருவாங்க. மூணாவதுலதான் வுழும். எப்ப வுழும் எப்ப வுழும்னு கேக்கறவன் ஒடம்பு தானா முன்னாடி சாயும். எங்க கோகுல் அப்பிடி ஒண்ணு அடிப்பான் பாருங்க… கோகுலகிருஷ்ணன். புத்தூரு. என் கூட்டாளி. மொதல்ல கல்யாண ஆர்கெஸ்ட்ரால டிரம்ஸ் வாசிச்சிக்கினு இருந்தான்.

அவன்தான் என்னை மெட்ராசுக்கு இட்டுக்கினு போனான். ஒரு காலேஜ் கிரவுண்டு. ஜமைக்காலருந்து ஒரு பெரியவரு வந்திருந்தாரு. எழுவது வயசு இருக்கும். ரெண்டு பேரு கையப் புடிச்சி இட்டாந்து நாற்காலில ஒக்கார வெச்சாங்க. இவரு இன்னா பாடப் போறாருன்னு எனக்கு எரிச்சல். ரெண்டாவது பாட்டுல கரண்ட் பூட்ச்சு. மைக் இல்ல, லைட் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரியவரு எழுந்து நின்னாரு. கையத் தட்டினாரு. நடுநடுவுல வுட்டு வுட்டு. எல்லாரும் தட்டறோம். அவரு வாயத் தொறந்து பாடறாரு, மொத வரிசைக்கு மட்டுந்தான் கேக்குது. அவங்க அதப் பாடறாங்க, அத கேட்டு ரெண்டாவது வரிசை பாடுது, அத கேட்டு மூணாவது. கடைசில நின்ன எங்ககிட்ட வர்றதுக்குள்ள வார்த்த பூரா மாறிப் பூட்ச்சு. நாங்க இன்னா பாடினோம்னு சாமி சத்தியமா எங்களுக்கே தெரியாது. ஆனா கோகுல் அழுதான்க்கா. அன்னிலருந்து சீப்ப தொடல நான்.

சிரிக்கறீங்க. எங்க நைனா சிரிக்கல. ஒரு வருசம் பேசல.

அப்பால பெங்களூரு. ஷில்லாங்லருந்து ஒரு பொண்ணு பேஸ் கிட்டார் வாசிக்க வந்திருந்தா. எட்டு மாசம் முழுகாம கீது! வயிறு இடிக்குதுன்னு கிட்டார இடுப்புல சாச்சி, கொடம் வெச்சிக்கினா மாதிரி வெச்சிக்கினு வாசிக்கறா. நடுவுல மைக்ல சொல்றா, உள்ள கீற ஆளு சரியான எடத்துல ஒதைக்குது, தாளம் தப்பலன்னு. கோகுல் என் காதுல, டேய், பொறக்காத கொழந்த என்னைவிட நல்லா வாசிக்குதுடான்னான். ஊருக்கு வர்ற வரைக்கும் அதே பேச்சு. பஸ்ஸுல முன் சீட்டுக் கம்பிய தட்டிக்கினே வந்தான். முன்னாடி இருந்த ஆளு திட்டினாரு.

நூத்தி அம்பதா? சரி.

நாங்களும் ஒரு செட்டு சேத்தோம்க்கா. நான் பாட்டு, பேஸு. கோகுல் டிரம்ஸ். ரூபா கீபோர்டு, ஹரிபாபு கிட்டாரு. மொத மேடை சந்திரகிரியில. கோட்டைக்குப் போற வழியில ஒரு மைதானம், ஊருத் திருவிழா, மத்தியானம் மூணு மணி வெயிலு. மூணு பாட்டுதான் பாடியிருப்போம், அன்னா மாஸ் பாட்ட வெய்யண்டி, குத்துப் பாட்டு போடுங்கன்னு கத்தறாங்க. பாதி நாற்காலி காலி. ரூபா இறங்கிடலாம்ன்றா.

மேடைக்குப் பக்கத்துல ரத்னம்மான்னு ஒரு அம்மா தள்ளுவண்டில வேர்க்கடல வித்துக்கினு இருந்தாங்க. எங்க பாட்டுக்கு அவங்க பாட்டுக்கு கடல அளக்கற படியால தட்டுல டொக்கு டொக்குனு தட்டிக்கினு கீறாங்க. கோகுல் திடீர்னு நிறுத்திட்டான். எல்லாரையும் நிறுத்தச் சொன்னான். அந்தப் படி சத்தம் மட்டும் கேக்குது. காலி வுடவேண்டிய எடத்துல காலி, அடிக்கவேண்டிய எடத்துல அடி! யாரு சொல்லிக் குடுத்தாங்க அவங்களுக்கு? இவன் மைக்க ஸ்டாண்டோட தூக்கிக்கினு குதிச்சான். அம்மா மேடைக்கு வரமாட்டேன்னுட்டாங்க, சரின்னு வண்டிகிட்டயே மைக்க வெச்சிட்டான். அவங்க தட்டறாங்க, இவன் மேடைலருந்து பதில் அடிக்கறான். அவங்களுக்கு வேகம் வந்து, வேர்க்கடலைய தெலுங்குல செனக்காயலோன்னு ஒரு கூவு கூவினாங்க பாருங்க, அதுதான் பல்லவி! மைதானம் பூரா செனக்காயலோ, செனக்காயலோ. போனவன்லாம் திரும்பி ஓடியாறான். முக்கா மணி நேரம் அந்த ஒரே வார்த்தக்கா. என் ஆயுசுல அப்பிடி ஒரு சத்தம் கேட்டதில்ல.

அன்னிக்கு சாயங்காலந்தான்.

சாமானுங்க வேன்ல ரூபாவோட பூட்ச்சு. நாங்க ரெண்டு பேரும் பைக்கு. கோகுலோட பைக்கு. ரேணிகுண்டா தாண்டி, வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு, ரோட்டோரம் ஒரு கரும்பு டிராக்டர் நின்னுக்கினு இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் மண்ணுல போய் வுழுந்தேன், முட்டி தேஞ்சதோட சரி. அவனுக்குத் தலை. பத்தொம்பது நாளு கண்ணு தொறக்கல. சுலோசனாம்மா, அவங்க அம்மா, ஆஸ்பத்திரி வாசல்லயே வேண்டிக்கினாங்க. எம் புள்ள எழுந்தா அவன் முடியும், கூட இருந்த பரணி ஜடையும் ஒனக்குத்தாண்டா பெருமாளேன்னு. என்னைக் கேக்கல. கேட்டா மட்டும் மாட்டேன்னா சொல்லுவேன்? இருவதாம் நாளு தொறந்தான். மொத வார்த்த இன்னா தெரியுமா? மூணாவது பாட்டுல நான் வேகமா பூட்டனாடான்னு.

இப்ப நல்லாத்தான் கீறான். எடது கைதான்… குச்சிய புடிக்க மாட்டேன்து. டாக்டர் பாக்கலாம்ன்றாரு.

அந்தம்மா என் ரெண்டு கையும் புடிச்சிக்கினு அழுதாங்கக்கா. எம் புள்ள கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி ஒன்னையும் சாவக் குடுக்கப் பாத்தானே, மனசுல வெச்சிக்காதப்பான்னு. அவனும் பாக்கறப்பலாம் சாரிடா மச்சான்றான். நான் பரவால்லடா, பரவால்லடான்னு சொல்லிக்கினு கீறேன். ஆறு மாசமா. சோறு துன்ன ஒக்காந்தா எழுந்துடறேன், ஷிப்டுல நிக்க முடியல, யாருன்னே தெரியாத ஒங்ககிட்ட இவ்ளோ பேசறேன் பாருங்க.

ஓட்டினது நான்க்கா.

அவன் பின்னாடி ஒக்காந்து என் தோள்ல தாளம் போட்டுக்கினு வந்தான். நான் செனக்காயலோன்னு கண்ண மூடினேன். ஒரு நொடி. அவனுக்கு அன்னிக்கு மத்தியானத்துக்கு அப்பால எதுவும் நெனப்பு இல்ல. கான்ஸ்டபிள் வந்து வண்டி எவரிதின்னு கேட்டாரு. யாருதுன்னு. கோகுலுதுன்னேன். உண்மதான? அதுக்கு மேல யாரும் கேக்கல. நானும் சொல்லல.

அதோ, தூண்கிட்ட அம்மா தோளப் புடிச்சிக்கினு நிக்கறான்ல, மொட்ட அடிச்சிக்கினு, இந்தப் பக்கம் கை காட்டறான் பாருங்க. அவன்தான்.

அக்கா, என் எடத்த கொஞ்சம் பாத்துக்கோங்க. நம்பர் கூப்ட்டா நீங்க முன்னாடி போங்க. இத எறக்கறதுக்கு முன்னாடி அவன்கிட்ட போய் சொல்லிட்டு வந்துடறேன். அம்மாவும் பக்கத்துலதான் இருக்காங்க. இருக்கட்டும். ரெண்டு பேருகிட்டயும்தான்.