பத்து நிமிஷச் சீட்டு

அதெப்படிண்ணே, சட்டம்னா ஒரு ஈவு இரக்கம் இருக்க வேண்டாமா? பத்தே பத்து நிமிஷம்! ஒரு மனுஷன் மூச்சு வாங்கி, தொப்பியைச் சரி பண்ணி, மூக்கைச் சிந்தறதுக்குள்ள பெட்டியை மூடிட்டேங்கறான். ரேஸ் முடிஞ்ச பத்து நிமிஷத்துல எவன் வேணும்னாலும் சீட்டு எழுதி அந்தப் பெட்டியில போடலாமாம். போட்டா, ஓடின குதிரையை விலை குடுத்து ஓட்டிட்டுப் போயிடலாமாம். சொந்தக்காரன் வாயைப் பொளந்துட்டு நிக்கணுமாம். இது ரேஸா, வழிப்பறியா?... இருங்க, இருங்க, கயித்தைப் பிடுங்காதீங்க. குடுத்துடறேன். குடுக்காம நான் எங்க போகப் போறேன்? உங்க லாரி எங்கயும் ஓடிடாது. இவ ரெண்டு மைல் ஓடி, எட்டு வேலி தாண்டி வந்திருக்கா. கொஞ்சம் மூச்சு விடட்டுமே.

என் பேரு மாலகி. இவ ஜூனி. ரேஸ் புத்தகத்துல இவளுக்கு ஒரு முழ நீளத்துக்குப் பேரு இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. ஜூனின்னாதான் காதை நிமிர்த்துவா. பேரு வெச்சது என் பொண்டாட்டி நோரீன். பேரு என்ன, எல்லாமே நோரீன்தான். இவ பொறந்த அன்னிக்கே தாய்க்குதிரை போய்ச் சேந்துடுச்சு. ரெண்டு மணிக்கு ஒரு தடவை புட்டிப்பால். அதுவும் எங்க? எங்க வீட்டுச் சமையல்கட்டுல, அடுப்புக்குப் பக்கத்துல! அந்த மூணு வாரம் நான் எங்க படுத்தேன்னு கேளுங்க... வேண்டாம், கேக்காதீங்க.

ஆறு வருஷம்ணே. இப்ப நீங்க இவளை மீத் ஜில்லாவுக்கு ஏத்திட்டுப் போகப் போறீங்க. நோரீன் அந்த ஆபீஸ்ல உங்க முதலாளி ஹோரகன்கிட்ட இவளோட பாஸ்போர்ட்டை, அதான் குதிரைக்குன்னு இருக்கற அடையாளப் புத்தகத்தை, எழுதிக் குடுத்துட்டிருக்கா. இப்ப வருவா. வந்து என் மூஞ்சியைப் பாப்பா. கத்த மாட்டாண்ணே. கத்தினாலாவது சமாளிச்சுடலாம். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல அவ ஒரு தடவைகூடக் கத்தினதில்ல. எங்க கத்தறது? நடுவுல நான் இடம் விட்டாத்தானே!

எல்லாம் அந்த ஜாக்கிப் பயலால வந்த வினை. என்ன திமிருங்கறேன்! அரை நீளத்துல ஜெயிச்சா ஆகாதா? பன்னண்டு குதிரை நீளம்! ஊரே எழுந்து நின்னு பாக்குது. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், "தம்பி, ஜெயிச்சுக்கோ. ஆனா பாக்கறவன் பரிதாபப்படற மாதிரி ஜெயி. அவ மேல எவன் கண்ணும் படக் கூடாது"ன்னு. அவன் கடைசி வேலியைத் தாண்டினதும் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாருங்க. ஏண்டா, பின்னாடி எவனாவது இருந்தாத்தானே பாக்கணும்?

என்னது? இந்த மாதிரி சீட்டு ரேஸ்ல இவளை எவன் எழுதிக் குடுத்தான்னா?

ம்... நல்ல கேள்வி. அதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி நான் யாருன்னு உங்களுக்குத் தெரியணும்.

எங்க ஊர்ல குதிரையோட ஃபார்ம், அதான் பழைய ஓட்டக் கணக்கு, பாக்கறதுன்னா மாலகிதான். நாப்பது வருஷம். தபால் குடுக்கற வேலையில இருந்தப்பவே கைவண்டியில கடுதாசிக்கு மேல ரேஸ் பேப்பர்தான் கிடக்கும். எந்தக் குதிரைக்குச் சேறு ஆகும், எதுக்கு ஆகாது, எது வலப்பக்கம் திரும்பினா முகம் சுளிக்கும், எந்த டிரெய்னர் மார்ச் மாசத்துல மட்டும் விழிச்சுக்குவான்... எல்லாம் நோட்டுல இருக்கு. பதினேழு நோட்டு. ஜெயிச்சது எத்தனைங்கறீங்களா? போன வருஷம் ரெண்டு. அதுல ஒண்ணு முதல்ல வந்துட்டு, வழியில குறுக்க பூந்ததுன்னு பின்னாடி தள்ளிட்டாங்க. எங்க பங்குச் சாமியார் இருக்காரே, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா என்கிட்டத்தான் வருவார். "மாலகி, இன்னிக்கு எதைச் சொல்றே?"ன்னு கேப்பார். நான் சொல்லச் சொல்ல, பேனாவை எடுத்து அந்தப் பேரை எல்லாம் அடிச்சுடுவார். மிச்சம் இருக்கறதுல கட்டுவார். கோயில் கூரைக்குப் பாதி ஓடு அப்படித்தான் வந்ததுன்னு ஊர்ல பேச்சு. சிரிங்கண்ணே, சிரிங்க. நானே சிரிச்சுட்டுத்தான் இருக்கேன்.

எதுல விட்டேன்? ஆங், ஃபார்ம். இன்னிக்கு ரேஸ் கார்டுல இவ பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருந்தான் தெரியுமா? பி, எஃப், எட்டு. பி-ன்னா பாதியிலயே நிறுத்தியாச்சு. எஃப்-ன்னா விழுந்தாச்சு. எட்டுன்னா எட்டாவது. அன்னிக்கு ஓடினதே ஒம்போதுதான், ஒம்போதாவது குதிரைக்கு லாடம் கழண்டுபோச்சு. இதைப் பாத்தா எவனாவது இவளைச் சீந்துவானா? சீந்த மாட்டான். ஆனா உள்விஷயம் என்ன? அதுதான் ஃபார்ம் பாக்கறதோட சூட்சுமம். எழுத்தைப் பாக்கக் கூடாது, எழுத்துக்குப் பின்னாடி என்ன நடந்ததுன்னு பாக்கணும்.

அந்த பி இருக்கே, அது ஜூலை மாசம். தரை சிமெண்ட்டு மாதிரி கிடக்கு. இவ சேத்துல நீந்தறவ, காஞ்ச தரையில கால் வைக்கவே யோசிப்பா. அன்னிக்கு எதுக்கு ஓட விட்டோம்? மழை வரும்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். மழையும் வந்தது, பக்கத்து ஜில்லாவுல. சொன்னது நான்தான். அந்த எஃப்? கண்ணுக்கு ரெண்டு பக்கமும் மறைப்பு மாட்டினா முன்னாடி இருக்கறதை மட்டும் பாத்து ஓடுவான்னு ஒருத்தர் யோசனை சொன்னார். இவ ஒண்ணையுமே பாக்கலை, வேலியையும் சேத்துத்தான். அந்த யோசனையும் நான்தான். எட்டாவதா வந்தது மூணு மைல் ரேஸ். இவளுக்குத் தாங்கறது ரெண்டு மைல், அதுக்கு மேல போனா நின்னு புல்லு மேயலாமான்னு பாப்பா. எழுதிக் குடுத்தது... ஆமாண்ணே, சரியாச் சொல்லிட்டீங்க. மூணும் என் கைங்கரியம்தான்.

ஆக, இவ மோசமில்ல, நான்தான் மோசம்னு உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். எவ்வளவு பெரிய ரகசியம் பாருங்க! அதை வெச்சு ஒரு திட்டம் போட்டேன்.

இந்தச் சீட்டு ரேஸ்ல ஒரு சங்கதி இருக்கு. நம்ம குதிரைக்கு நாமளே விலை போடணும், கேக்கறவன் அந்த விலைக்கே எடுத்துக்கலாம். விலையைக் குறைச்சா, அது முதுகுல ஏத்தற எடையும் குறையும். எல்லாரும் பயந்து பயந்து பெரிய விலை போட்டிருக்காங்க. நான் என்ன பண்ணேன்? இருக்கறதுலயே அடிமட்ட விலை, ஆறாயிரம் யூரோ. எடை பூ மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி எல்லாம் பேஞ்ச மழையில தரை வேற களியாக் கிடக்கு. காலையில கம்பை ஊனிப் பாத்தேன், முழங்கை நீளத்துக்கு இறங்குது. எடையும் சேறும் தூரமும் மூணும் ஒண்ணாக் கூடி வந்திருக்கு. நாப்பது வருஷத்துல முத தடவையா என் கணக்குல ஒரு ஓட்டைகூட இல்லண்ணே!

நோரீன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. காலையில, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே. "எவனாவது சீட்டுப் போட்டு இவளைக் கேட்டுட்டா?" நான் சொன்னேன், "அடி பைத்தியமே, பி, எஃப், எட்டு. இதை எவன் கேப்பான்?" கையைத் தொடைச்சுட்டு உக்காந்து ஒரு சீட்டு எழுதினா.

ஆமாண்ணே. சொந்தக்காரங்களும் சீட்டு போடலாம். நம்ம குதிரையை நாமளே கேட்டுக்கலாம், கொஞ்சம் கட்டணம் போகும், அவ்வளவுதான். வேற எவனாவது போட்டிருந்தா ரெண்டு சீட்டையும் குலுக்கி எடுப்பாங்க. குலுக்கல்ல போயிருந்தா விதின்னு விட்டிருக்கலாம்.

சீட்டைப் பெட்டியில போடச் சொல்லி யார்கிட்டக் குடுத்தாங்கறீங்க...

அவ எப்படிப் போவா? ரேஸ் முடிஞ்சதும் அவதானே ஓடிப்போய் இவளைப் பிடிக்கணும், ஜெயிச்ச குதிரை நிக்கற எடத்துக்கு நடத்திட்டு வரணும், தண்ணி ஊத்தணும். இவ வேற யார் கைக்கும் வர மாட்டா. அதனால என் சட்டைப் பையில வெச்சு, மேல தட்டிக்கூட விட்டா. "ரேஸ் முடிஞ்சதும் நேரா பெட்டி. வழியில எவன்கிட்டயும் நின்னு பேசாதே, மாலகி"ன்னா.

எத்தனை தூரம்? அம்பது அடி. தோ, அந்த டீக்கடைக்கும் பெட்டிக்கும் அம்பது அடி கூட இருக்காது. இவ பன்னண்டு நீளத்துல ஜெயிச்சு வர்றா, எனக்கு மாதாவே வானத்துலேந்து இறங்கி வந்த மாதிரி இருக்கு. அழுதுட்டேன். நிஜமா. அழுதுக்கிட்டே பெட்டிக்குத்தான்ணே போனேன். அப்பத்தான் ஒருத்தர், பச்சைத் தொப்பி போட்டுக்கிட்டு, மரியாதையா வந்து கேட்டார். "இந்த ஃபார்முல இருந்து இவ ஜெயிப்பான்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

நாப்பது வருஷமா ஒருத்தன் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லண்ணே. ஒருத்தன்! பங்குச் சாமியார் கேக்கலை. கூடப் பொறந்தவன் கேக்கலை. நான் என்ன பண்ணுவேன்? ஒரு நிமிஷம்தானேன்னு ஆரம்பிச்சேன். ஜூலையிலேந்து ஆரம்பிச்சேன். இல்லல்ல... பொய் சொல்லக் கூடாது. புட்டிப்பால்லேந்து ஆரம்பிச்சேன். அவர் டீ வாங்கிக் குடுத்தார். கண்மறைப்பு விஷயம் சொன்னேன், எடை விஷயம் சொன்னேன், கம்பை ஊனிக் காட்டினேன். அவர் தங்கச்சி எங்கிருந்தோ வந்து பக்கத்துல நின்னுச்சு, அதுவும் தலையை ஆட்டி ஆட்டிக் கேக்குது. நல்ல ஜனங்கன்னு நினைச்சேன். அப்ப ஒலிபெருக்கியில சொன்னான், ஜூனியை ஹோரகன்ங்கறவர் கேட்டு வாங்கியிருக்கார், ஒரே ஒரு சீட்டுதான் இருந்ததுன்னு. பச்சைத் தொப்பிக்காரர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கறார். "நான்தாங்க ஹோரகன். நீங்க சொன்னதை எல்லாம் கேட்டப்புறம், எடுத்தது சரிதான்னு தோணிடுச்சு"ங்கறார். தங்கச்சி வரும்போதே சீட்டைப் போட்டுட்டுத்தான் வந்திருக்கு.

அவங்களைக் குத்தம் சொல்லலண்ணே. சட்டத்தையும் சொல்லலை. ஜாக்கி பாவம், நல்லாத்தான் ஓட்டினான். இதோ பாருங்க, என் பையிலயே இருக்கு. நோரீன் கையெழுத்து. மடிப்புகூடக் கலையலை.

அம்பது அடிண்ணே. அம்பது அடி நடந்துட்டு அப்புறம் நாள் முழுக்கப் பேசியிருக்கலாம்.

...சரி, சரி, ஏத்தலாம். பலகையில சத்தம் வராமப் பாத்துக்கோங்க, மிரளுவா. ஒண்ணு சொல்லணும். காலையில தீனி வெச்சா உடனே தொட மாட்டா. எங்க ஊர் ரேடியோவுல ஒம்போது மணிக்கு இறந்தவங்க பேரு வாசிப்பாங்க இல்ல, அதை நோரீன் லாயத்துல வெச்சுக் கேப்பா. ஒவ்வொரு பேருக்கும், "ஐயோ பாவம், நல்ல மனுஷி, ஆண்டவர் இளைப்பாத்தி குடுக்கட்டும்"னு சொல்லுவா. அதைக் கேட்டாத்தான் இவ வாயை வைப்பா. சிரிக்காதீங்க! போன்ல வெச்சாலும் பத்தாது. ரேடியோ இல்ல விஷயம், அந்தக் குரல்தான். அந்தக் கால் மணி நேரம் நான்கூட வாயைத் தொறக்க மாட்டேன். சமையல்கட்டு ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னு கேப்பேன். இத்தனை வருஷமா கேக்கறேன், அவளுக்குத் தெரியாது.

ஆங், தோ வர்றா. கையில என்ன அது, அவளோட பையில்ல? ரப்பர் பூட்ஸையும் எடுத்துட்டு வர்றா.

நோரீன்... நோரீன், இங்க பாரு, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

என்னது? நீயும் போறியா? மீத்துக்கா? ஹோரகன் கேட்டாரா, நீ கேட்டியா?... இவ தீனி எடுத்துப் பழகற வரைக்கும். ஒரு மாசம். அதுக்கு மேல? பாக்கலாமா? பாக்கலாம்னா என்ன அர்த்தம், நோரீன்?

...சரி. வீட்ல இருக்கற ரெண்டு குதிரைக்கும் ஆறு மணிக்குத் தீனி. சரி. தண்ணித் தொட்டியைக் கழுவணும். சரி. எதை? ரெண்டுல ஒண்ணையும் எந்த ரேஸுக்கும் எழுதிக் குடுக்கக் கூடாது. இல்லம்மா. குடுக்க மாட்டேன். அந்தப் பதினேழு நோட்டையும் கொளுத்திடறேன். வேண்டாமா? சரி, கொளுத்தலை.

அண்ணே, கதவைச் சாத்திட்டீங்களா? ஒரு நிமிஷம், கண்ணாடியை மட்டும் இறக்குங்க. பேச மாட்டேன், சத்தியமா, ஒரே வார்த்தை. மெதுவா ஓட்டுங்கண்ணே, ரோடு வழுக்கும். ஒருத்தி போனது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா உங்க பக்கத்துல உக்காந்திருக்கறவளை நான் எந்த ரேஸுக்கும் எழுதிக் குடுக்கலண்ணே.