மணலூர் மகாராணிக்கு ஒரு மாலை

டப்பாவத் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்லம்மா! ஒண்ணுமேன்னா ஒண்ணுமே! இம்மாம் பெரிய டப்பா... மேல பாத்தா கத்தி, குதுர, நெருப்பு, ஒருத்தி தலைய விரிச்சிப் போட்டுகினு நிக்கறா. உள்ள பாத்தா பஸ் டிக்கெட்டு சைசுல ஒரு சீட்டு. அதுல ஒரு நம்பரு. "கேமு எங்கப்பா?"ன்னா, "அதான்க்கா கேமு"ங்கறான் கடக்காரன். நம்பரா கேமு?... கொஞ்சம் இப்படித் தள்ளி ஒக்காரும்மா, சீட்டுக்குக் கீழ ஒண்ணு சுருட்டி வெச்சிருக்கேன், கால்ல இடிக்கும். ஆங். இந்த பஸ்ஸு எடுக்க இன்னும் நேரம் ஆவும், டிரைவரு இப்பதான் டீக்கடைக்குப் போறாரு.

மொதல்ல "ஸ்டாண்டர்டா, டீலக்ஸா?"ன்னு கேட்டான். டீலக்ஸுன்னா இன்னாப்பான்னேன். கூட ஒரு தொப்பி வருமாம். சரி, தொப்பிய வெயிலுக்காச்சும் போட்டுக்கலாம்னு டீலக்ஸே குடுன்னேன். தொப்பியும் கேமுக்குள்ளதானாம்! போன நீட்டுனா, போன்ல ஓடாதாம். அதுக்குத் தனி மிஷினாம், அது சேலத்துலதான் கெடைக்குமாம். அப்ப இந்தா டப்பா, நீயே வெச்சிக்கன்னா, தொறந்த டப்பா எடுக்க மாட்டானாம். தொறக்காம உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? தலைய ஆட்டற பாரு. ஆங், அதான!

ஐய, மாலைய மடியில வெச்சி நசுக்கிக்கினு இருக்கியே. ரோசாப்பூ மாலை... நல்லா கனமாத்தான் வாங்கியிருக்க. துக்கத்துக்கா? அடடா. எந்த ஊரும்மா? பஸ்ஸு போர்டக் காட்டற... மணலூர்பேட்டையா! எங்க ஊரும்மா அது! எங்க ஊர்ல யாரு... கீழத்தெரு பெரியவராத்தான் இருக்கும். ரொம்ப நாளா இழுத்துக்கினு கெடந்தாரு. சரி சரி, அழாத, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எறங்கனதும் நானே வழி காட்டறேன்.

நானும் துக்கத்துலதான் இருக்கேன்னு வெச்சிக்க. சிரிக்காத. "கோட்டைக் காவல்"னு ஒரு கேமு. போன வெள்ளிக்கெழமையோட மூடிட்டாங்க. அது இல்லாமதான் இந்த டப்பாவ வாங்கனேன். கடைய மூடுவாங்க, ஆலைய மூடுவாங்க, கேமையும் மூடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? "அன்பான வீரர்களே"ன்னு ஒரு ஓல வந்துச்சி போன்ல. அன்பான வீரர்ன்னா ஏன்டா மூடற?

இந்த வயசுல கேமான்னு நெனைக்கற. மூஞ்சில தெரியுது. எம்பொண்ணு தேவதர்ஷினி ஆஸ்டலுக்குப் போறப்ப பழைய போன எங்கிட்ட குடுத்துட்டுப் போனா. "அம்மா, டெய்லி ஒருவாட்டி உள்ள போயிட்டு வந்துடு, இல்லன்னா என் பாயிண்டு பூடும்"ன்னா. மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி இதுவும் ஒரு வேலைன்னு ஆரம்பிச்சேன். மூணு வருஷம் ஆச்சி. அவ மறந்துட்டா, நான் மாட்டிக்கினேன். பாலக் கறந்து சொசைட்டில ஊத்திட்டு வந்து ஒக்காந்தா, எங்க வூட்டுக்காரு சோறு சோறுன்னு கத்தனாலும் காதுல ஏறாது. உள்ள எம்பேரு மணலூர் மகாராணி. இன்னா அப்படி முழிக்கற? ஆமா, நானே வெச்சிக்கினதுதான். வேற எவன் வெப்பான்?

ஒரு சொவத்துக்கு ரெண்டு பேரு காவல். எஞ்சோடி பேரு "கரியாலூரு". அவ்ளோதான் தெரியும். கல்வராயன் மலை மேல இருக்குற கரியாலூருதான், வேற எது? காலேஜு படிக்கிற பையன்னு வெச்சிக்கயேன், அப்படி ஒரு சுறுசுறுப்பு! பேசனதில்லம்மா. பேசவே முடியாது. சின்னப் புள்ளைங்க வெளாடற எடம்னு பேச்சு, எழுத்து எல்லாத்தையும் அடைச்சி வெச்சிருந்தாங்க. ஆறே ஆறு பொத்தான். வா, போ, பாத்து, நன்றி, குதி, ஒக்காரு. இத வெச்சிக்கினு பேரு கேக்க முடியுமா, போன் நம்பரு கேக்க முடியுமா?

ஆனா சொல்றேன் கேளு, எங்க வூட்டுக்காரு இருவது வருஷமாப் பேசறாரு, அந்த ஆறு பொத்தான்ல வந்த ஆறுதல் இவுருகிட்ட வல்ல. மலையில சிக்னல் போச்சின்னா கரியாலூரு செல மாதிரி நின்னுடும். நான் குறுக்க பூந்து வெட்டெல்லாம் வாங்குவேன். எங்க செவலப் பசு கண்ணு போட்ட அன்னிக்கி நான் போன அப்படியே போட்டுட்டு ஓடிட்டேன். அர மணி நேரம் கழிச்சி வந்து பாக்கறேன்... ஒத்த ஆளா நின்னு எஞ்சொவத்தையும் சேத்துக் காப்பாத்திக்கினு இருந்துச்சும்மா அது! தெனமும் கெளம்பறப்ப ரெண்டு குதி குதிச்சிட்டு ஒக்காரும். "போயிட்டு வரேன்"னு அர்த்தம். யாரும் சொல்லித் தரல, நாங்களா வெச்சிக்கினது. நானும் ரெண்டு குதி குதிச்சி ஒக்காருவேன்.

தோ பஸ்ஸ எடுத்துட்டான். இன்னாத்த சொல்லிக்கினு இருந்தேன்?... ஆங், கேமு மூடிட்டா அந்தப் புள்ளைய எங்கன்னு தேடறது? மலையில இருந்து எறங்கனா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வராம எங்க போவ? அதனால பஸ் ஸ்டாண்டுல ஒரு ஃபிளெக்ஸு வெச்சிட்டேன். ஃபிளெக்ஸு கட செழியன்கிட்ட, "மகாராணி போயிட்டா, எங்க ஊரு பேரு, தெரு பேரு எல்லாம் போட்டு ஒண்ணு அடி"ன்னு கேமுல இருக்குற என் பொம்மையயும் அனுப்பனேன். "அடியில இன்னாக்கா போடறது?"ன்னான். "எப்பவும் போடற மாதிரி போடு"ன்னேன். அடிக்கறதுக்கு முன்னாடி போனுக்கு அனுப்பனான், பாத்து சொல்லுன்னு. நான் எங்க பாத்தேன்? சரின்னு ஒரு கட்டவெரல அமுக்கி வுட்டுட்டேன். இரு, காட்டறேன். கால எடு. இன்னிக்கி இதக் கழட்டிக்கினு வரத்தான் வந்ததே... பாத்தியா?

"கண்ணீர் அஞ்சலி. மணலூர் மகாராணி. துயரத்தில் வாடும் கணவர் வீரமணி மற்றும் உற்றார் உறவினர்." எப்பவும் போடற மாதிரியே போட்டுட்டாம்பாரு! அடியில தெரு பேரு கூட ஒழுங்கா... ஐய, இன்னாமா, மாலையக் கீழ போட்டுட்ட! புடி, புடி, மிதிச்சிடப் போறாங்கோ. ஏன் இப்படிப் பாக்கற? வேர்த்து ஊத்துதே உனக்கு. ஜன்னலத் தொறந்து வுடட்டா?

வீரமணி பேரு, எங்க தெரு பேரு ரெண்டும் இருந்தா அப்புறம் கேக்கணுமா? என் தம்பி இளவரசன் சின்னசேலத்துல இருந்து பொறந்த வூட்டுக் கோடி எடுத்துக்கினு அழுதுகினே வரான். நான் வாயில பிரஷ்ஷோட கதவத் தொறக்கறேன். "யக்கா"ன்னவன் அப்படியே வாசல்ல வுழுந்துட்டான். நான் உசுரோட இருந்த வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கலு நூல் பொடவதான். செத்ததும் பட்டு! வுடுவனா? தோ கட்டிக்கினு இருக்கேனே, இதான் அது. நல்லாருக்குல்ல? சிரிக்கற பாரு. இப்பதான் அழுத! முந்தானையால வாயப் பொத்திக்கினா தெரியாதா எனக்கு? சிரி, சிரி. எங்க வூட்டுக்காரும் அப்படித்தான். துக்கம் கேக்க வந்தவங்களுக்கெல்லாம் என்னையே டீ போடச் சொன்னாரு.

தியாகதுருகம் தாண்டிட்டோமா? பேச்சுல தெரியல.

ஆனா ஒண்ணு... இத நான் யாருகிட்டயும் சொல்லல. ஃபிளெக்ஸு வெச்சது தேடறதுக்கு மட்டும் இல்ல. கடைசி நாளு ரெண்டு பேரும் கோட்டை மேல நின்னுகினு இருந்தோம். இன்னும் பத்து நிமிஷந்தான். அப்பப் பாத்து, கேமுக்குள்ள இருக்குற கடையில எல்லாம் இலவசம்னு போட்டான். எல்லாமே! நான் ஓடிட்டேம்மா. மயிலெறகு கிரீடம் ஒண்ணு, வெள்ளிச் செருப்பு, கொட மட்டும் பதினோரு கொட எடுத்தேன். மூடப்போற கேமுல பதினோரு கொடைய வெச்சிக்கினு இன்னா பண்ண? அந்த புத்தி இருந்தா நான் ஏன் இன்னிக்கி வெறும் டப்பா வாங்கறேன்... எல்லாத்தையும் வாரிக்கினு திரும்பி வரேன், கரியாலூரு ஒரு குதி குதிக்குது. அதுக்குள்ள ஸ்கிரீனு கருத்துப் போச்சி. அவ்ளோதான். மூணு வருஷம் எனக்குக் காவல் நின்ன புள்ளைக்கு ஒரு டாட்டா சொல்லலம்மா நானு. கம்பெனிக்காரன் மூடிட்டான் மூடிட்டான்னு ஊரெல்லாம் திட்டிக்கினு இருக்கேன். தப்பு அவன்மேல கம்மிதான்.

இன்னாமா கையப் புடிச்சிக்கற? நல்ல மனசு உனக்கு. பேரு கூடக் கேக்கல பாரு. எப்பவும் இப்படித்தான், நானே பேசிக்கினு...

எறங்கு எறங்கு, மணலூர்பேட்டை வந்துடுச்சி. பாத்து. ஃபிளெக்ஸ நான் தூக்கிக்கறேன், மாட்டுக் கொட்டாய் மேல போட்டா மழைக்கு ஒதவும். கீழத்தெருவுக்கு அப்படிப் போவணும்... இன்னாமா, மாலைய எங்கிட்ட குடுக்கற? புடிச்சிக்கணுமா? சரி. ஏய், எங்க போற... நடு ரோட்டுல நின்னுகினு... இன்னா பண்ற? ஏன்மா குதிக்கற? பொடவ தடுக்கிடப் போவுது! மறுபடியுமா?... ஏ, ஒக்காராத, வண்டி வரும்...

...

கரியாலூரா?

ஐயோ... நீயா? காலேஜு பையன்னு நெனச்சனே... பஸ்ஸு பூரா வாயே தொறக்காம... அப்ப இந்த மாலை... எனக்கா?

எழுந்திரிக்காத! அப்படியே இரு. யோவ் கண்டக்டரே, போவாத, இந்த மாலையயும் ஃபிளெக்ஸையும் செத்தப் புடி. நான் குதிக்கணும்.